குளிர் அறையின் பூஜ்யம்

போனில் முதலில் பெட்டிக்காரர், சாப்பிட்டாச்சா என்று கேட்டார். அண்ணனோ, பூக்கிடங்கின் குளிர் அறையிலிருந்து நாலைந்து நாளாகப் பூஜ்யம் மட்டுமே வருகிறதே, ஏன் என்று கேட்டான்.

இரண்டு கைகளும் கீபோர்டில் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு, சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தான். சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் தங்கை உட்கார்ந்து, துணி துவைக்கும் மெஷின் ஒன்றின் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. அந்த வீட்டில் கேட்காமல் இருப்பதற்குத்தான் தனியாக முயற்சி செய்ய வேண்டும்.

பூஜ்யம் வந்தால் நல்லதுதானே, அறை நன்றாகக் குளிர்கிறது என்று அர்த்தம் என்றார் பெட்டிக்காரர். குளிர் அறைகளில் மாட்டுகிற, வெப்பநிலையை அளந்து அனுப்புகிற சின்னப் பெட்டியைச் செய்பவர் அவர். எந்த அறையும் இப்படி ஒரே எண்ணில் விறைத்துப்போய் நிற்காது, கதவைத் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும், இது புள்ளி அளவுகூட அசையவில்லை என்றான் அண்ணன்.

போனில் இரும்பு உரசும் சத்தம் வந்தது. பிறகு, சென்சார் ஒயர் அறுந்திருக்கும் என்றார் பெட்டிக்காரர்.

"ஒயர் அறுந்தா எண்ணே வரக்கூடாதே சார். பூஜ்யம் எங்கேருந்து வருது?"

"அது நாங்க போடுறது."

"நீங்க ஏன் போடுறீங்க?"

"நீங்கதானே சார் போட வச்சீங்க."

அண்ணனின் விரல்கள் நின்றன. பெட்டிக்காரர் நிதானமாக விளக்கினார். ஆரம்பத்தில் ஒயர் போனால் வெப்பநிலை என்ற இடத்தைக் காலியாக விட்டுத்தான் பெட்டி அனுப்பியது. அண்ணனுடைய அலுவலகத்தின் சர்வர் அதை ஏற்கவில்லை. வெப்பநிலை கட்டாயம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. அந்த ஒன்றை மட்டுமா, கதவு, பேட்டரி என்று கூட வந்த எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பிவிட்டது. பெட்டியோ விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, பேட்டரியைத் தின்று தீர்த்துவிட்டுச் செத்துப்போனது. அதனால்தான் ஏதாவது ஓர் எண் இருந்தால் போதும் என்று பூஜ்யத்தைப் போட்டுப் பார்த்தார்கள். சர்வர் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டா என்ன சொல்வீங்கன்னு தெரியாதா, கட்டாயம் சார்."

கடைசி இரண்டு சொற்கள் வாய் தவறி வந்தவை. பெட்டிக்காரர் இருமினார். அண்ணன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எத்தனை பெட்டிகளில் இப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று, ஆஸ்பத்திரியில் விசாரிப்பவனைப் போல மெதுவாகக் கேட்டான்.

"எல்லாத்துலயும்தான் சார்," என்றார் பெட்டிக்காரர்.

*

கட்டாயம் என்பது அலுவலகத்தில் அண்ணனுக்கு வைத்த பெயர். அவன் மாடி ஏறும் சத்தம் கேட்டால் "கட்டாயம் வந்தாச்சு" என்பார்கள். அவனுக்கும் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பது தங்கையின் சந்தேகம்.

அவன் என்ன வேலை செய்கிறான் என்று உறவினர்கள் கேட்டால் அண்ணி சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்: "ரெண்டு மெஷின் பேசிக்கிற இடத்துல நடுவுல நின்னுக்கிட்டு, ஒழுங்காப் பேசு ஒழுங்காப் பேசுன்னு மிரட்டுறது." உண்மையும் அதிலிருந்து அதிக தூரமில்லை. குளிர் அறையில் உள்ள பெட்டி சர்வரிடம் எதை எப்படிக் கொடுக்கலாம், வாடிக்கையாளரின் போனில் உள்ள ஆப் கேட்டால் சர்வர் எதை எப்படித் திருப்பிக் கொடுக்கும் என்று இரண்டு பக்கத்துக்கும் வடிவம் வகுத்தவன் அவன். அறையின் பெயர் என்றால் எழுத்து. வெப்பநிலை என்றால் எண். கதவு திறந்திருக்கிறதா என்றால் ஆம் அல்லது இல்லை, நடுவில் எதுவும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டாயம், கட்டாயம், கட்டாயம். ஏபிஐ என்று சொல்கிற அந்த விதிகளுக்கான கையேட்டை இரண்டு மொழிகளிலும் எழுதிக் கொடுத்தவள் தங்கைதான். அந்தச் சொல் அதில் எவ்வளவு தடவை வருகிறது என்பது அவளுக்குக் கைவலியாகத் தெரியும்.

இந்தப் பிடிவாதம் அவனுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. முதலில் வேலை பார்த்த இடத்தில் எதற்கும் வடிவமே கிடையாது. வெப்பநிலை என்ற இடத்தில் ஒரு கிளையிலிருந்து 4 என்று வரும், இன்னொரு கிளையிலிருந்து நாலு என்று எழுத்தில் வரும், மூன்றாவது கிளையில் யாரோ "பரவாயில்லை" என்று தட்டிவிட்டிருப்பார்கள். அந்தப் பரவாயில்லைகளைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்வதிலேயே அவனுடைய இளமை கழிந்தது. கழுத்துவலியும் சிடுசிடுப்பும் அங்கே வாங்கி வந்தவை. இனி என் வாசலில் குப்பை நுழையாது என்று முடிவு செய்துகொண்டுதான் இந்தச் சின்ன நிறுவனத்துக்கு வந்தான்.

வீட்டிலும் அதே கதைதான். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று அண்ணி சொன்னால், சீக்கிரம் என்றால் எத்தனை மணிக்கு என்பான். கொஞ்சம் உப்புப் போடு என்றால் போட மாட்டான், கொஞ்சம் என்பதற்கு அளவு வேண்டும். "உங்க அண்ணன்கிட்ட எப்படி இருக்கீங்கன்னு கேட்டுப் பாரு, எதுலன்னு கேப்பாரு," என்று அண்ணி தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் சிரிப்பான். சிரித்துவிட்டு, உண்மையிலேயே எதில் என்று தெரியாமல் எப்படிப் பதில் சொல்வது என்பான்.

தெரியவில்லை என்ற பதிலுக்கு மட்டும் அவனிடம் இடமில்லாமல் இருந்தது. பெட்டிக்காரரின் போன் வரும்வரை அதை அவனே கவனித்ததில்லை.

*

பூக்கிடங்கின் குளிர் அறைக்குப் பூஜ்யம் என்பது கெட்ட எண் அல்ல என்பதுதான் வம்பு. மைனசில் நன்றாக இறங்கினால் மணி அடிக்கும், பூ உறைந்துவிடும். ஆறுக்கு மேல் ஏறினாலும் மணி அடிக்கும், பூ வாடிவிடும். பூஜ்யம் இரண்டுக்கும் நடுவில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது. ஆப்பில் பச்சை விளக்கு. அறையில் குளிரூட்டும் மெஷின் நின்றுபோய், ரோஜாக்கள் எல்லாம் வெந்த கீரையாகிவிட்டாலும் விளக்கு பச்சையாகத்தான் இருக்கும். வெயில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த மாதம் அது. மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

அண்ணன் பூக்கிடங்கின் முதலாளியம்மாவுக்குப் போன் செய்தான். கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக அந்தக் கிடங்கை நடத்துபவர் அவர். மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் பூ அலங்காரம் அவருடைய ஆட்கள்தான். அவரிடம் உள்ள சரக்கு முழுவதும் அந்த ஓர் அறைக்குள். எங்கோ கொள்முதல் செய்யப் போன இடத்தில், இரைச்சலுக்கு நடுவே எடுத்தார்.

"அம்மா, ஆப்ல காட்டுறதை நம்பாதீங்க. அறையை ஒரு தடவை நேர்ல பார்க்கச் சொல்லுங்க."

"பச்சையாத்தானே தம்பி இருக்கு."

"அந்தப் பச்சை பொய்ம்மா."

"உங்க ஆப்பே நல்லா இருக்குன்னு சொல்லுது, நீங்க இல்லைங்கிறீங்க. நான் யாரை நம்பட்டும் தம்பி?"

சுவரில் முன்பு ஒரு வெப்பமானி இருந்ததே, அதைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றான். அதைத்தான் உங்கள் ஆட்கள் பெட்டி மாட்டிய அன்று கழற்றிப் போட்டுவிட்டார்களே, இனி இது எதற்கு, எல்லாம் போனிலேயே வரும் என்று சொன்னார்களே என்றார் அவர். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் கிளம்பினான். தங்கையின் அலுவலகம் அதே சாலையில் இருந்ததால் அவளும் கூடப் போனாள். பஸ்ஸில் அவன் ஆப்பின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தான்.  

கிடங்குகள் வரிசையாக நிற்கும் சந்தின் கடைசியில் அந்த அறை. காவலாளி போனை எடுத்துப் பச்சை விளக்கைக் காட்டினார். திறந்துதான் ஆக வேண்டுமா, குளிர் வெளியே போய்விடுமே என்று இழுத்தார். அண்ணன் ஒற்றைக்காலில் நின்று திறக்க வைத்தான். கனத்த கதவும் அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் பட்டைத் திரையும் விலகியதும் குளிர் முகத்தில் அறைந்தது. வாளி வாளியாக ரோஜாக்கள் மொட்டு விரியாமல் நின்றன. இலைகளில் ஈரம். மெஷின் பொறுப்பாக உறுமிக்கொண்டிருந்தது. சுவரோரம் பெட்டியிலிருந்து இறங்கிய ஒயரை ஏதோ தள்ளுவண்டி இழுத்து அறுத்திருந்தது. அதன் முனை தரையைத் தொடாமல் தொங்கியது.

"நான்தான் சொன்னேனே," என்றார் காவலாளி.

தங்கைக்கு நெஞ்சு லேசாகியது. அண்ணனின் முகம் மட்டும் லேசாகவில்லை. அன்று குளிர்ந்துகொண்டிருந்ததே அவனுக்கு வினையாகப்போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

*

அண்ணனின் அலுவலகம் டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்றடிக்கும் சத்தம் ஏறும்போதெல்லாம் மேலே பேச்சு நிற்கும். முதலாளி அண்ணனைவிட வயதில் சின்னவர், கெட்டவர் அல்ல. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். அதில் மறுப்பும் இருக்காது, சம்மதமும் இருக்காது.

அண்ணன் எல்லாவற்றையும் சொன்னான். வெப்பநிலையைக் காலியாக அனுப்பப் பெட்டிக்கு அனுமதி கொடுக்க வேண்டும். ஆனால் காலியாக விட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும்: ஒயர் அறுந்ததா, சென்சார் பழுதா, தெரியவில்லையா. ஆப்புக்குப் போகும் பதிலிலும் அதே மாதிரி மாற்ற வேண்டும். எண் இல்லையென்றால் பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், தெரியவில்லை என்று சாம்பல் நிறம் காட்டட்டும். அவன் பேசிக்கொண்டே போனான். முதலாளி, அறை குளிராகத்தானே இருந்தது என்று கேட்டார். இருந்தது என்றான். அப்புறம் என்ன என்றார் முதலாளி. கீழே காற்றடித்தது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து இதை அப்படியே நடித்துக் காட்டினான் அண்ணன். "ஒண்ணும் ஆகலையேங்கிறார். பூ அழுகினாத்தான் நம்புவாராம்." அண்ணி, சரி, சாப்பிடுங்க என்றாள். "கொஞ்சம் சோறு போடவா" என்று கேட்டுவிட்டு அவன் அளவு கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. அண்ணியும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆப் வேறு இன்னொரு சிக்கல். காலியான வெப்பநிலையை அனுப்பினால் ஆப் அப்படியே விழுந்து மூடிக்கொள்ளும் என்று பரிசோதித்தபோது தெரிந்தது. அதை எழுதிய பெண் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டாள். அண்ணன் அவளைத் தேடிப் பிடித்துப் பேசினான். இப்போதும் ஸ்பீக்கர், இப்போதும் சாப்பாட்டு மேசை.

"அந்த இடம் காலியா வந்தா என்ன பண்றதுன்னு நான் அப்பவே கேட்டேன் சார்."

"நான் என்ன சொன்னேன்?"

"வராதுன்னீங்க. சத்தியமா வராதான்னு கேட்டேன். கட்டாயம்னு போட்டிருக்கேன் பாரும்மா, நம்பி எழுதுன்னீங்க. நம்பி எழுதினேன்."

குறை சொல்லும் குரல்கூட இல்லை அது. அண்ணன் நன்றி சொல்லி வைத்துவிட்டான். எழுந்து போய் நடையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்த துவைக்கும் மெஷினுக்கு முன்னால் நின்று அதையே வெறித்துக்கொண்டிருந்தான். பெட்டியை அவன் மிரட்டினான், அது பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. ஆப்புக்கு அவன் வாக்குக் கொடுத்தான், அது உண்மையைத் தாங்க முடியாததாக வளர்ந்துவிட்டது. நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவன் அவன். குப்பை நுழையக் கூடாது என்று கட்டிய வாசலில், குப்பை மட்டும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நுழைந்துகொண்டிருந்தது.

அதற்காகச் சும்மா இருந்துவிட்டானா என்றால் இல்லை. அசையாத பூஜ்யத்தைச் சர்வரே சந்தேகப்படட்டும் என்று முதலாளிக்குத் தெரியாமல் ஒரு விதி எழுதிப் போட்டான். பூஜ்யம் நெடுநேரம் ஒரே மாதிரி நின்றால் மணி அடிக்கும். அடித்தது. பூக்கிடங்கில் மட்டுமல்ல, வேறு ஓர் ஐஸ் கிடங்கிலும். அந்த ஐஸ் கிடங்கில் உருகும் பனிக்கட்டிகளுக்கு நடுவில் சென்சார் மாட்டியிருந்தார்கள். அங்கே பூஜ்யம் உண்மையான பூஜ்யம், அசையாமல் நிற்பதுதான் அதன் இயல்பு. அந்த வாடிக்கையாளர் முதலாளியைக் கூப்பிட்டுக் காது கிழியத் திட்டினார். முதலாளி முதல் தடவையாகப் பார்க்கலாம் என்று சொல்லாமல், எடுத்துவிடு என்றார். வாடிக்கையாளர்கள் யாரிடமும் இதைப் பற்றிப் பேசிக் கிலி உண்டாக்க வேண்டாம் என்றும் சொன்னார். கல்யாண சீசன் முடியட்டும், புது ஆப் எழுதும்போது எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடலாம். பெட்டிக்காரரிடம் புது ஒயர் கேட்டால், அடுத்த சரக்கோடு வருகிறது என்றார். அடுத்த சரக்கு எப்போது? "வந்துடும் சார், சீக்கிரம்."

"சீக்கிரம்னா?" என்று கேட்க வாயெடுத்து, அண்ணன் நிறுத்திக்கொண்டான்.

யார் மேலும் முழுப் பழியைப் போட முடியவில்லை என்பதுதான் அவனை அரித்தது. ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொரு காரணமும் சுற்றிக்கொண்டு வந்து அவன் எழுதிய ஒரு சொல்லில் முட்டியது. இரண்டு மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. காப்பியில் சர்க்கரை குறைவு என்று அண்ணியிடம் எரிந்து விழுந்தான், சர்க்கரையே போடவில்லை என்பதை இரண்டாவது வாய்க்குப் பிறகுதான் கண்டுபிடித்தான். ஒரு தடவை தங்கை, எப்படி இருக்கே அண்ணா என்று பேச்சுக்குக் கேட்டாள். அவன் எதில் என்று கேட்கவில்லை. உதட்டைப் பிதுக்கினான்.

கடைசியில் கடைக்குப் போய்ச் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கினான். கண்ணாடிக் குழாயும் சிவப்புக் கோடும் உள்ளது. அதைக் கொண்டுபோய்ப் பூக்கிடங்கின் சுவரில், பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தான். முதலாளியம்மா அதைப் பார்த்து, "மறுபடியும் இதையா தம்பி மாட்டுறீங்க?" என்று கேட்டாராம். பெரிய மண்டபம் ஒன்றுக்கு மொத்த அலங்காரத்தையும் அவர் ஒத்துக்கொண்டிருந்தார். அறையில் கால் வைக்க இடமில்லாமல் சரக்கு வந்து இறங்கியிருந்தது. காவலாளியிடம் வேளைக்கு ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டதற்கு, அவர் சரி என்று தலையாட்டினார். மறுநாள் போன் செய்து என்ன காட்டுகிறது என்று கேட்டபோது, "பச்சை சார்," என்றார்.

அதற்கு அடுத்த நாள் காலை தங்கை வாசலில் குனிந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். பையில் துவைக்கும் மெஷினின் கையேடு, முடிந்து அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அண்ணன் பல் துலக்கிய வாயைத் துடைத்துக்கொண்டே நடைக்கு வந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று கதவின் தாழ்ப்பாளை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டு நின்றான். யாரிடமும் உதவி என்று கேட்டுப் பழகாதவன். தங்கை நிமிர்ந்து, என்ன அண்ணா என்றாள்.

"உன் பஸ் பூக்கிடங்கு கிட்டதானே நிக்குது?"

"ஆமா."

"புது ஒயர் வர்ற வரைக்கும், போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை அந்த அறையை எட்டிப் பார்த்துட்டு எனக்கு அனுப்புறியா? சுவத்துல சிவப்புக் கோடு எங்கே நிக்குதோ அதை மட்டும். அந்த அம்மாகிட்ட சொல்லிட்டேன், கதவைத் திறந்து விடுவாங்க."

அவள் சரி என்று தலையசைத்தாள். அவன் தாழ்ப்பாளை விடவில்லை.

"ஒரு நாள் கதவு பூட்டியிருக்கலாம். கோடு சரியாத் தெரியாம போகலாம். உனக்கே நேரமில்லாம போகலாம். அப்போ பார்க்கலைன்னு அனுப்பு, தெரியலைன்னு அனுப்பு, ஒண்ணுமே அனுப்பாம இரு. நான் கேட்க மாட்டேன். எனக்காகன்னு நீயா ஒரு எண்ணை மட்டும் போட்டுடாதேம்மா."